ரகுராஜ்பூர்ச் சுவர்களும் சர்க்கார் மானியமும்

பூரி ஜகந்நாதரைச் சேவிக்கச் செல்லும் நம்மவர்களுள் பலர், அருகே பார்க்கவி நதிக்கரையில் உள்ள ரகுராஜ்பூரைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். புவனேசுவரத்திலும் கட்டாக்கிலும் உத்தியோக நிமித்தம் வாழும் நேயர்களுக்கு அது ஒரு பகற்பொழுதுப் பயணமே. எதிரெதிராக இரு வரிசை வீடுகள். நடுவே சிறு கோயில்கள். திண்ணைச் சுவர்களிலெல்லாம் சித்திரங்கள். வீட்டுக்கு வீடு சித்திரக்காரர் வாழும் ஊர் அது.

துணிகளைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிப் பட்டச் சித்திரம் எழுதுகின்றனர். வெண்மைக்குச் சங்கு, செம்மைக்கு இங்குலிகம், மஞ்சளுக்கு அரிதாரம், கருமைக்கு விளக்குக் கரி. இவற்றைப் பிணைக்க விளாம்பிசின். பனையோலையில் எழுத்தாணியால் கீறி மை தடவும் வேலையும் உண்டு. ஏட்டுச் சுவடி கண்ட தமிழருக்கு அதை விளக்க வேண்டுவதில்லை.

கோயிலையும் யாத்ரிகரையும் நம்பியிருந்த இத்தொழில் ஒரு காலத்தில் மிக நலிந்தது. 1950களில் ஹலினா ஸீலி என்னும் அம்மையார் அளித்த ஊக்கத்தால் அது மீண்டும் தலையெடுத்தது. 2000ஆம் ஆண்டில் இன்டாக் என்னும் பண்பாட்டுப் பாதுகாப்பு அறக்கட்டளை இவ்வூரை மரபுக் கிராமமாகத் தேர்ந்தது; வீட்டுச் சுவர்களில் பழைய வழக்கப்படி சித்திரம் எழுதுவது புத்துயிர் பெற்றது.

அடுத்து வந்ததே மானியம். பத்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2002–07) மத்திய சுற்றுலா அமைச்சகம் கிராமியச் சுற்றுலாத் திட்டம் ஒன்றை நடத்தியது. ஒரு கிராமத்துக்குப் பாதை, விளக்கு, கட்டடம் முதலியவற்றுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலும், மக்களின் பயிற்சிக்கும் திறன் வளர்ச்சிக்கும் 20 லட்சம் வரையிலும் வழங்கலாம் என்பது விதி. பின்னதில் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் கைகோத்தது. நம் மாநிலத்தின் காரைக்குடியும் கழுகுமலையும் இதே திட்டத்தில் இடம்பெற்றவையே. பணம் நேரே சித்திரக்காரர் கைக்கு வருவதில்லை. மாநில அரசு முன்மொழிய வேண்டும். மாவட்ட ஆட்சியர் பொறுப்பேற்பார். பயிற்சிப் பணியைத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும்.

கோப்புகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நமக்கு இவ்விரு தொகைகளின் ஏற்றத்தாழ்வு உறுத்துகிறது. கட்டடத்தை அளந்து ரசீது எழுதலாம். தூரிகை பிடிக்கும் கையை அவ்வாறு அளக்க இயலாது. ஆகவேதான் கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெருந்தொகை எளிதில் ஒதுங்குகிறது போலும்! சுவர்ச் சித்திரமோ ஒருமுறை எழுதி முடிவதன்று. மழைக்காலம் ஒவ்வொன்றும் அதைச் சிறிது கரைத்துச் செல்லும். 2019 மே 3ஆம் நாள் வீசிய ஃபானி புயல் பூரி மாவட்டத்தையே புரட்டியபோது இவ்வூரின் வீடுகளும், எழுதி வைத்த படங்களும் ஓலைகளும் பெருஞ்சேதமுற்றன. ஒரே தவணையில் முடியும் மானியம் இத்தகைய நாளுக்கு உதவாது. ஆண்டுதோறும் மறுவண்ணம் தீட்டுவதற்கான கூலியையும் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

அத்திட்டம் இன்று அதே வடிவில் இல்லை. ஆயினும் தாம் வாழும் ஊரில் இவ்வாறு ஒன்றைத் தொடங்க விழையும் நேயர்கள், முதலில் கிராமப் பஞ்சாயத்தையும் மாநிலச் சுற்றுலாத் துறையையும் அணுகுக. சுவருக்குரியவரின் எழுத்துமூலமான சம்மதத்தை வாங்கிக்கொள்க. ரகுராஜ்பூருக்குச் செல்வோர் பூரிச் சாலையிலுள்ள சந்தன்பூரில் இறங்கிச் சிறிது நடந்தால் ஊரை அடையலாம். படம் வாங்குவதாயின், அதை எழுதியவரின் திண்ணையிலேயே அமர்ந்து வாங்குக.