கல்யாணம் ஆனால் மகள் இல்லையா?

எங்கள் அப்பச்சி அரசாங்க வேலையில் இருக்கும்போதே காலமாகிவிட்டார். வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. ஆத்தாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் என் தங்கைதான். வாரிசு வேலை கேட்டு மனு எழுதிக்கொண்டு போனாள்.

"கல்யாணமான பொண்ணுக்குக் கிடையாதும்மா. பையனா இருந்தா கல்யாணம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சட்டமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நாங்களும் தேவகோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டோம்.

அரசாங்கம் இப்படி ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கலாமா? கோர்ட் இதை எப்படித் தீர்மானிக்கிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். நம் அடுப்படியை வைத்தே புரிந்துகொள்ளலாம், சகோதரிகளே! சர்க்கரை வியாதிக்கார அப்பத்தாவுக்குச் சீனி இல்லாத காபி, பேரனுக்குச் சீனி போட்ட பால். வித்தியாசம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. பேரனுக்கு முட்டை, பேத்திக்கு வெறும் சோறு என்றால்? என்ன காரணம் சொல்வீர்கள்?

அரசியல் சட்டத்தின் 14-வது பிரிவு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அதை வைத்து கோர்ட் முக்கியமாக இரண்டு கேள்வி கேட்கும். பிரித்து வைத்தவர்களுக்குள் உண்மையான, தெளிவான வேறுபாடு உண்டா? அந்த வேறுபாட்டுக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா? இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிச் சலுகை தர 15(3) பிரிவே இடம் கொடுக்கிறது.

1981-ல் ஏர் இந்தியா பணிப்பெண்கள் வழக்கு வந்தது. அப்போது அது அரசு நிறுவனம். வேலைக்குச் சேர்ந்து 4 வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும்; முதல் கர்ப்பம் தரித்தாலும் போகும். கல்யாண நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; கர்ப்ப நிபந்தனையைத் தள்ளிவிட்டது. எல்லாமே பெண்ணுக்குச் சாதகமாக முடிந்துவிடாது என்பதும் இதில் தெரிகிறது.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாரிசு வேலையின் நோக்கம், சம்பாதித்தவரை இழந்த குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பது. மகளின் தாலிக்கும் அந்த நோக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணமான மகளை ஒதுக்குவது செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2015-லும், கர்நாடக உயர்நீதிமன்றம் 2020-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

தங்கைக்கு இனி வயதில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது "விதி இல்லை" என்று சொன்னால், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. எங்களைப் போலப் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.