எஸ்கேப் ரூம்: யாரோடு போகிறீர்கள், எந்தத் தீம்?

பிறந்தநாளுக்கோ ஆபீஸ் டீம் அவுட்டிங்குக்கோ எஸ்கேப் ரூம் போகலாம் என்று முடிவானதும் எல்லாரும் முதலில் பார்ப்பது போஸ்டரைத்தான். ரத்தக்கறை படிந்த கை, பிரமிடு, வங்கி லாக்கர், சிறைக் கம்பி. எது கண்ணைப் பறிக்கிறதோ அதைப் பதிவு செய்துவிடுகிறோம். ஆனால் தீம் வெறும் அலங்காரம் இல்லை. அறை இருட்டாக இருக்குமா, குனிந்து ஊர்ந்து போக வேண்டியிருக்குமா, நிறையப் படிக்க வேண்டுமா, வந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்குமா என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. அதனால் எந்தக் கதை என்று யோசிக்கும் முன், நம் குழுவில் யார் அந்த ஒரு மணி நேரமும் சும்மா நிற்க நேரிடும் என்று யோசியுங்கள். அவரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கும் அநேகமாகப் பொருந்திவிடும்.

இதுவரை போகாதவர்களுக்காக: ஒரு குழுவை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். பெரும்பாலும் 60 நிமிடம். மேசை இழுப்பறை, படத்தின் பின்புறம், புத்தக அலமாரி என்று எங்கெங்கோ ஒளிந்திருக்கும் துப்புகளைத் தேடி, அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே வர வேண்டும். கேம் மாஸ்டர் எனப்படும் பணியாளர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்; தடுமாறினால் ஒரு க்ளூ தருவார். டோஷிமிட்சு டகாகி 2004இல் வெளியிட்ட ‘கிரிம்சன் ரூம்’ போன்ற கணினி விளையாட்டுகளில் இருந்த இந்த யோசனையை, 2007இல் ஜப்பானின் கியோட்டோவில் டகாவோ கேட்டோ நிஜ மனிதர்களுக்கான விளையாட்டாக்கினார். 2011இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் அட்டிலா ஜியூர்கோவிச் ‘பாராபார்க்’கைத் தொடங்கினார். பழைய கட்டடங்களும் நிலவறைகளும் நிறைந்த அந்த நகரத்தில் இத்தகைய அறைகள் வேகமாகப் பெருகின. இப்போது சென்னை, பெங்களூரு வரை வந்துவிட்டன.

போஸ்டர் சொல்லாத முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: புதிர்கள் கோக்கப்பட்ட விதம். சில அறைகளில் ஒரு புதிரை அவிழ்த்தால்தான் அடுத்தது கிடைக்கும். மற்றவற்றில் மூன்று நான்கு புதிர்கள் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, கடைசியில் விடைகளை ஒன்று சேர்க்கலாம். முதல் வகை, இரண்டு மூன்று பேருக்கு அருமையானது. எல்லாரும் எல்லாவற்றையும் பார்ப்பார்கள், கதையும் ஒழுங்காகப் புரியும். அதே அறைக்குள் ஏழு பேர் போனால் பூட்டைச் சுற்றி மூவர் குனிந்திருக்க, மற்ற நால்வரும் அவர்களுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘2 முதல் 8 பேர் வரை’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது எத்தனை பேர் உள்ளே நிற்க இடமுண்டு என்ற கணக்கு. எத்தனை பேருக்கு வேலை உண்டு என்பது வேறு கணக்கு. உலகெங்கும் உள்ள 175 நிறுவனங்களிடம் தகவல் திரட்டி ஆய்வாளர் ஸ்காட் நிக்கல்சன் 2015இல் வெளியிட்ட அறிக்கையில், குழுவின் சராசரி அளவு ஐந்து பேருக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. என் பரிந்துரையும் நான்கு அல்லது ஐந்து பேர்தான்.

பேய் வீடு, மனநோய் மருத்துவமனை, தொடர் கொலைகாரன் மாதிரியான திகில் தீம்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழுவில் ஓர் இளைஞர் இருந்தால் போதும், இதைத்தான் கேட்பார். அதில் தவறில்லை, பயத்தை விரும்பி வருபவர்களுக்கு இதைப் போன்ற அனுபவம் வேறில்லை. ஆனால் பயந்த மனம் தேடாது. தேடுவதுதான் இந்த விளையாட்டில் பாதி வேலை. இருட்டில் ஒரே ஒரு டார்ச்சைக் கொடுத்துவிட்டால், அதைப் பிடித்திருப்பவர் மட்டுமே விளையாடுகிறார். மற்றவர்கள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நகர்கிறார்கள். சில அறைகளில் வேடமிட்ட நடிகர் திடீரென்று முன்னால் வந்து நிற்பார். வேறு சிலவற்றில் புகை எழும், விளக்குகள் வெட்டி வெட்டி மின்னும். ஆஸ்துமா உள்ளவர், வலிப்பு வந்த வரலாறு உள்ளவர், அடைபட்ட இடங்களுக்கு அஞ்சுபவர், கர்ப்பிணி ஆகியோர் குழுவில் இருந்தால் இவையெல்லாம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். பத்து வயதுக் குழந்தை “எனக்குப் பயமே இல்லை” என்று சொல்வதை நம்பி அழைத்துப் போகாதீர்கள். கதவு சாத்திய பிறகு அந்தக் குழந்தைக்குப் பின்வாங்கத் தோன்றினாலும், அண்ணன் அக்கா முன்னால் அதைச் சொல்ல வெட்கப்படும். முதல்முறையாகக் குடும்பத்தோடு போகிறவர்கள் திகிலைத் தவிர்ப்பது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தாத்தா பாட்டி, சித்தி, பள்ளிப் பிள்ளைகள் என்று கலந்து போகிறவர்களுக்குப் புதையல் வேட்டை, எகிப்தியக் கல்லறை, மந்திரவாதியின் வீடு போன்ற தீம்களைச் சொல்வேன். காரணம் மொழி. நம் ஊர் அறைகளில் எழுத்துப் புதிர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. துப்பறியும் தீமில் போலீஸ் அறிக்கை, நாட்குறிப்பு, பத்திரிகைத் துண்டு, கடிதம் என்று படிக்க வேண்டியது ஏராளம். தமிழ் மட்டும் படிக்கும் பாட்டிக்கு அங்கே இடமில்லை. வேகமாக ஆங்கிலம் படிக்கும் ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். கல்லறையிலோ புதையல் தீவிலோ சின்னங்கள், சக்கரங்கள், எடைக்கற்கள், ஓவியங்கள், கையால் நகர்த்தும் பொறிகள்தான் அதிகம். கோலத்தில் புள்ளி எண்ணிப் பழகிய கண் அங்கே பட்டதாரிப் பேரனை முந்திவிடும். ஆனாலும் ஊர்ந்து போக வேண்டிய சுரங்கம் உண்டா என்று கேளுங்கள். முட்டிவலிக்காரருக்கு அது தண்டனை.

துப்பறியும் தீமை ஒதுக்கச் சொல்லவில்லை. வாசிப்பிலும் விவாதத்திலும் ஊறிய இரண்டு மூன்று நண்பர்களுக்கும் தம்பதியருக்கும் அதைவிடச் சிறந்தது கிடையாது. யாரைச் சந்தேகிப்பது என்று பேசிக்கொண்டே இருக்கலாம். பேச்சுதான் அங்கே விளையாட்டு.

ஆபீஸ் குழுவில் வேறொரு சிக்கல். மேனேஜர் ஒரு யோசனை சொன்னால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். கடைசியில் அவர் விளையாடியதை அணி வேடிக்கை பார்த்ததாக முடியும். இதற்குச் சிறைத் தீம் நல்ல மருந்து. பல சிறை அறைகளில் குழுவை இரண்டாகப் பிரித்து அடுத்தடுத்த கொட்டடிகளில் அடைப்பார்கள். ஒரு பக்கத்துத் துப்பு மறுபக்கத்துப் பூட்டுக்கு உரியது. சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் கண்டதை வாயால் விவரித்தே ஆக வேண்டும். நேற்று சேர்ந்த பயிற்சியாளர் கையில் இருக்கும் எண் இல்லாமல் மேனேஜரால் வெளியே வர முடியாது. ஆனால் சிறு பிள்ளைகளோடு வரும் பெற்றோருக்கு இது ஆகாது. பிரிக்கும்போது குழந்தை எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரியாது.

துடிப்பான கல்லூரி நண்பர்கள் ஐந்தாறு பேர் என்றால் வங்கிக் கொள்ளைத் தீம். லேசர் கோடுகளைத் தாண்டுவது, லாக்கரைக் குடைவது, காவலுக்கு நிற்பது என்று பல வேலைகள் ஒருசேர நடக்கும். வெடிகுண்டு, ஆய்வகத் தீம்களில் கடிகாரத்தின் நெருக்கடி அதிகம். பதறும் சுபாவம் உள்ளவர்களுக்கு வேண்டாம். அவற்றில் வண்ண வயர்களும் விளக்குகளும் புதிராக வருவதுண்டு, ஆகவே நிறக்குருடு உள்ளவர் அணியில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். பிரபலமான படத்தையோ தொடரையோ ஒட்டிய தீம் என்றால், படம் பார்க்காதவருக்கும் விடை கிடைக்குமா என்று கேட்பது அவசியம். நன்றாக வடிவமைத்த அறைக்கு வெளியறிவு எதுவும் தேவைப்படாது.

கடினத்தின் அளவையும் பாருங்கள். நிக்கல்சனின் அறிக்கையில், நேரத்துக்குள் வெளியேறிய குழுக்கள் சராசரியாக 41 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்கள் தோற்றுத்தான் திரும்புகிறார்கள் என்பதால் தோல்வியில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனாலும் புதியவர்களின் முதல் அறை, பாதிப் பேராவது வென்ற அறையாக இருக்கட்டும். க்ளூவுக்கு வரம்பு உண்டா, தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார்களா என்பதையும் விசாரிக்கலாம்.

எந்தத் தீமாக இருந்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது பாதுகாப்பு. 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் தீவிபத்தில் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டு அரசு எல்லா எஸ்கேப் ரூம்களையும் சோதனையிட உத்தரவிட்டது, பல மூடப்பட்டன. பூட்டப்பட்ட அறை என்பது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும். உள்ளிருந்தே திறக்கும் பொத்தான் எங்கே, மின்சாரம் போனால் கதவு என்ன ஆகும், இரண்டாவது வழி உண்டா என்று விளையாட்டு தொடங்கும் முன் கேளுங்கள். மின்காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே கதவைப் பிடித்திருக்கும். நின்றால் தானாக விட்டுவிடும். அதுவே சரியான ஏற்பாடு. இந்தக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள்.

இணையத்தில் சட்டென்று பதிவு செய்வதைவிடத் தொலைபேசியில் பேசுவது மேல். “நாங்கள் ஐந்து பேர், இருவர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவருக்கு முட்டிவலி, யாரும் இதற்குமுன் விளையாடியதில்லை” என்று உள்ளதைச் சொல்லி, எந்த அறை பொருந்தும் என்று கேம் மாஸ்டரிடமே கேளுங்கள். எந்த அறையில் எந்த மாதிரிக் குழு சலித்துப் போகிறது என்பதை நாள்தோறும் கேமராவில் பார்ப்பவர் அவர். எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் இரண்டு அணியாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் விளையாடலாம். பெரியவர்கள் வந்தால் படிக்கும் கண்ணாடியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். எண் பூட்டில் இருக்கும் இலக்கங்கள் மிகச் சிறியவை, பல அறைகளில் வெளிச்சமும் குறைவு.