ரோமம் தரும் மிருகமும் நூல் நூற்கும் கையும்

ஆடு, மாடு, கோழி, தேனீ என்று சுயதொழில் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படும் பட்டியலில் இப்போது ஒரு புதிய பெயரும் சேர்ந்துள்ளது. அதுதான் அல்பாகா. நீண்ட கழுத்தும் பெரிய கண்களும் உடலெங்கும் அடர்ந்த ரோமமும் கொண்ட இம்மிருகத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்த தோட்டத்து இளைஞர்கள் சிலர், "ஹப்புத்தளையிலும் குளிர்தானே, இங்கே வளர்த்தால் என்ன?" என்று கேட்கிறார்கள். கொழுந்துக் கூலியை மட்டும் நம்பி வாழ முடியாத குடும்பங்களிலிருந்து எழும் நியாயமான கேள்வி இது. அக்கறையோடு பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

அல்பாகா எப்படிப்பட்டது?

தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரே இதன் தாயகம். கடல் மட்டத்திலிருந்து 3,500 மீற்றருக்கும் மேலே, பெரு, பொலிவியா, சிலி நாடுகளின் உயர்ந்த புல்வெளிகளில் இது வாழ்கிறது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள மலைவாழ் மக்கள் விகுனா என்னும் காட்டு விலங்கிலிருந்து இதனைப் பழக்கி எடுத்தார்கள். உலகிலுள்ள அல்பாகாக்களில் பெரும்பாலானவை இன்றும் பெரு நாட்டிலேயே உள்ளன.

இம்மிருகத்திடம் பல நல்ல குணங்கள் உண்டு. பாதம் மெத்தென்று இருப்பதால் ஆட்டுக் குளம்பைப் போல மண்ணைக் கிளறுவதில்லை. மந்தை முழுவதும் ஒரே இடத்தில் சாணம் இடுவதால் எரு சேர்ப்பது எளிது. ஆனால் தனியே விட்டால் வாடிப்போகும். கூட்டமாகவே வளர்க்க வேண்டும். சினைக்காலம் பதினொரு மாதத்துக்கு மேல். ஓர் ஈற்றில் ஒரு குட்டிதான். எனவே ஆட்டைப் போல விரைவில் மந்தை பெருகாது.

ரோமம் நூலாகும் வழி

ஆண்டுக்கு ஒரு முறை ரோமம் கத்தரிக்கப்படுகிறது. ஒரு மிருகத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோ கிடைக்கும்; நன்கு பேணப்பட்டால் இன்னும் கூடலாம். ஆனால் அந்த 2 கிலோவும் ஒரே தரம் அல்ல. முதுகிலும் விலாவிலும் உள்ளது மென்மையானது. கழுத்தில் உள்ளது அதற்கு அடுத்தது. கால், வயிறு, மார்புப் பகுதிகளில் உள்ளது முரடானது. கத்தரிக்கும்போதே இவற்றைத் தனித்தனியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு பிடி முரட்டு ரோமம் கலந்தாலும் முழு நூலும் உடலில் குத்தும்.

ரோமத்தின் மென்மை மைக்ரான் கணக்கில் அளக்கப்படுகிறது. ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். பெரு நாட்டின் தர விதிப்படி 23 மைக்ரானும் அதற்குக் குறைந்ததும் முதல் தரம். அதன் பெயர் 'பேபி அல்பாகா'. இது குட்டியின் ரோமம் என்று பொருள்படாது. பெரிய மிருகத்திலிருந்தும் கிடைக்கலாம். 26.5 வரை இரண்டாம் தரம், 29 வரை மூன்றாம் தரம், 31.5 வரை நான்காம் தரம். அதற்கு மேற்பட்டது முரட்டு ரகம். கம்பளத்துக்கும் விரிப்புக்கும் போகும்.

பிரித்த ரோமத்தை உதறித் தூசு போக்கி, இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரமிட்டு, கசக்காமல் அலச வேண்டும். கசக்கினால் திரண்டு கட்டியாகிவிடும். செம்மறி ரோமத்தில் உள்ள கொழுப்பு இதில் மிகக் குறைவு. ஆகவே கழுவும்போது எடை அதிகம் குறையாது. காய்ந்த பின் சீப்புப் பலகையில் வாரிச் சிக்கெடுத்து, தக்களியிலோ இராட்டையிலோ நூற்கலாம். அல்பாகா இழை வழுக்கும் தன்மையுள்ளது. செம்மறி இழையில் இருக்கும் சுருள் இதில் குறைவு. அதனால் சற்றுக் கூடுதலாக முறுக்கேற்றாவிட்டால் நூல் பிரிந்து போகும். பின் இரண்டு இழைகளை எதிர்த் திசையில் சேர்த்து முறுக்கி, சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்துத் தொங்கவிட்டால் முறுக்கு நிலைபெறும். தேர்ந்த கைக்கும் 100 கிராம் நூலுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும்.

பெறுமதி சேரும் இடம்

1836ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாகா ரோமப் பொதிகளை டைட்டஸ் சால்ட் என்ற ஆலை முதலாளி வாங்கினார். அதை நூற்கும் முறையைக் கண்டறிந்து பெருஞ்செல்வந்தரானார். 1853இல் அவர் திறந்த பெரிய ஆலையும் அதைச் சுற்றி எழுந்த சால்ட்டெயர் என்ற ஊரும் இன்றும் நிற்கின்றன. ரோமத்தைத் தந்த அந்தீஸ் மேய்ப்பரோ ஏழையாகவே இருந்தார்.

இந்த நிலை முற்றாக மாறிவிடவில்லை. பெருவின் சிறு மேய்ப்பர்கள் பலர் ரோமத்தைத் தரம் பிரிக்காமல் மொத்த எடைக்கே இடைத்தரகரிடம் விற்கின்றனர். அது அரேக்கிப்பா நகரத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விரல் நுனியால் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அந்த விரல்களின் அறிவில்தான் விலை பிறக்கிறது. இதனை உணர்ந்த சில மேய்ப்பர் சங்கங்கள் தம் கிராமத்துப் பெண்களுக்கே அப்பயிற்சியைக் கொடுத்து, தரம் பிரித்தபின் கூட்டாக விற்கின்றன. கொழுந்து பறிப்பவர் ஒருவர், தேயிலையைக் கலந்து பெட்டியிலிட்டு விற்பவர் இன்னொருவர் என்ற கதையை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

மிருகத்தையே விற்ற கதைகள்

1980களில் அமெரிக்காவுக்குச் சென்ற அல்பாகா அங்கே வேறொரு வியாபாரமாயிற்று. ரோமத்துக்காக அன்றி, இனவிருத்திக்கான மிருகம் என்றே பல்லாயிரம் டொலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் குட்டிகளை அடுத்தவருக்கு விற்றுப் பணம் பார்க்கலாம் என்பது நம்பிக்கை. ரோமத்தின் வருமானம் அந்த விலையைத் தாங்காது என்று கலிபோர்னியாப் பொருளியலாளர் இருவர் 2000களின் நடுவிலேயே எச்சரித்தனர். சில ஆண்டுகளில் விலை சரிந்தது. பலர் மிருகங்களை இலவசமாகவே கொடுக்க நேர்ந்தது.

தமிழ்நாட்டில் ஈமுக் கோழியின் கதையும் இதுவே. குஞ்சை வாங்கி வளருங்கள், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாதந்தோறும் பணமும் தருகிறோம் என்ற வாக்கை நம்பி ஈரோடு மாவட்டத்திலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். 2012இல் பெருந்துறையில் அந்த வியாபாரம் உடைந்தது. முதலீட்டோடு தீவனமில்லாத பறவைகளும் மக்கள் தலையில் விழுந்தன. இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ சந்தை உண்டா என்று முன்பே விசாரித்தவர் சிலரே.

நீலகிரி தரும் பாடம்

1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நம் உறவினர் பலர் சென்று குடியேறிய நீலகிரி மலை, ரோமத் தொழிலை அறிந்த மலை. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் என்னும் வெளிநாட்டு இனங்கள் கலந்து 'நீலகிரி' என்ற செம்மறி இனம் அங்கே உருவாயிற்று. அதன் ரோமம் சுமார் 27 மைக்ரான். அல்பாகாவின் மூன்றாம் தரத்துக்கு நிகரான மென்மை. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தைப் பேணி வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் உண்டு.

இத்தனை இருந்தும் நீலகிரி ஆடு அருகிவிட்டது. புல்வெளிகள் தேயிலைக்கும் சீகை, யூகலிப்டஸ் மரங்களுக்கும் போயின. ரோமத்தின் விலையும் விழுந்தது. ஆனால் அதே மலையில் தோடர் சமூகப் பெண்களின் பூவேலைப்பாடு நிலைத்தது. அவர்கள் செம்மறி வளர்ப்பவர்கள் அல்லர், எருமை வளர்ப்பவர்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால் கையால் செய்யும் அவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புல் போனதும் மிருகம் போயிற்று, கைத்திறன் தங்கிற்று.

நம் ஊவாவில்

இனி நம் கணக்கைப் பார்ப்போம். நல்ல புல் உள்ள ஓர் ஏக்கரில் ஐந்து முதல் பத்து அல்பாகா மேயலாம். ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச்சஸ். புதிய வீடுகளுடன் தோட்டத்துக் குடும்பத்துக்கு என்று பேசப்பட்ட காணி 7 பேர்ச்சஸ். இருபத்து மூன்று குடும்பங்களின் காணியைச் சேர்த்தால்தான் ஓர் ஏக்கர் வரும். வீட்டையும் மரக்கறிப் பாத்தியையும் கழித்தால் அதுவும் இல்லை. பத்தனைச் சரிவுகளில் புல் இருக்கிறதே எனலாம். அங்கே மிகுந்திருப்பது மானாப்புல். முற்றினால் மாடே முகம் திருப்பும். அக்காணியும் நம்முடையதல்ல.

காலநிலையும் ஒத்துவராது. அந்தீஸ் மேட்டுநிலத்தின் வறண்ட குளிர் வேறு. ஒக்டோபருக்குப் பின் வரும் நம் மழை ஈரம் வேறு. ஈரமான புல்லில் குடற்புழு பெருகும். பதுளை நகரப் பக்கத்துச் சூட்டில் அடர்ந்த ரோமத்தோடு மிருகம் தவிக்கும். மேலும், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் தொற்றுத் தடுப்புக் காவலும் இன்றி எந்தக் கால்நடையையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர முடியாது. நம் ஊரில் இம்மிருகத்துக்குப் பழகிய கால்நடை வைத்தியரைத் தேடுவதும் கடினம்.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுவோம். முதலில் சந்தை, பின் கைத்திறன், அதன்பின் நூல், கடைசியாகவே மிருகம்.

எல்லவுக்கும் ஹப்புத்தளைக்கும் இரயிலில் வந்திறங்கும் பயணிகள் மாலைக் குளிரில் தொப்பியும் கழுத்துத் துண்டும் தேடுகிறார்கள். எட்டுப் பத்துப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, நல்ல நூலை விலைக்கு வாங்கிப் பின்னத் தொடங்கலாம். ஒரு தொப்பிக்குச் சுமார் 80 கிராம் நூல் போதும். ஒரு கிலோவில் பன்னிரண்டு தொப்பிகள் ஆகும். நூலின் விலை, பின்னிய மணி நேரம், விற்ற விலை ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வரவேண்டும். ஓராண்டு முடிவில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மிஞ்சியது என்று அந்தக் கொப்பியே சொல்லும். கொழுந்து மலையில் கிடைப்பதைவிட அது குறைவானால், எந்த மிருகத்தை வாங்கினாலும் நட்டம் தீராது. கூடுதலானால், தரம் பிரிக்கவும் நூற்கவும் கற்கும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

இதற்கிடையே லயத்துக்குப் பக்கத்தில் கட்டி வளர்க்கக்கூடிய பால் ஆட்டைக் கைவிட வேண்டாம். அது குழந்தைக்குப் பாலும் பாத்திக்கு எருவும் தருகிறது. அவசரத்துக்கு விற்கவும் உதவுகிறது.

யாரேனும் ஒரு புதிய மிருகத்தைக் காட்டி முற்பணம் கேட்டால், இளைஞர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதன் ரோமத்தை வாங்குபவர் யார்? என்ன விலைக்கு?" மிருகத்தை வாங்குபவரின் பெயரை மட்டுமே அவர் சொன்னால், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.