சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி அரசுக் கட்டடம்

சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி அரசுக் கட்டடம் என்பது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகரில் அமைந்துள்ள 18 மாடி அரசு அலுவலகமாகும். மார்போசிஸ் நிறுவனத்தின் கட்டடக்கலைஞர் தாம் மேய்ன் வடிவமைத்த இக்கட்டடம் 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 2022 இறுதியில் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் இதற்கு நான்சி பெலோசியின் பெயர் சூட்டப்பட்டது. ஆற்றல் சேமிப்பு, பொதுமக்களுக்கான திறந்த தன்மை, ஊழியர்களின் வசதி ஆகிய மூன்றையும் ஒரே கட்டடத்தில் இணைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

அமெரிக்க அரசின் கட்டடங்களைக் கட்டிப் பராமரிப்பது பொதுச் சேவைகள் நிர்வாகம் என்னும் அமைப்பு. அரசுக் கட்டடங்களின் தரத்தை உயர்த்த 1994இல் அது ஒரு வடிவமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஏப்ரல் 19 அன்று, ஓக்லஹோமா நகரின் கூட்டாட்சி அரசுக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதில் 168 பேர் உயிரிழந்தனர். அதன்பின் அரசு அலுவலகங்களுக்குக் கடுமையான பாதுகாப்பு விதிகள் வந்தன. மக்கள் அச்சமின்றி வந்துபோகவும் வேண்டும், தாக்குதலைத் தாங்கவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவையோடுதான் சான் பிரான்சிஸ்கோ கட்டடம் திட்டமிடப்பட்டது.

காற்றால் குளிரும் கோபுரம்

சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டின் பெரும்பகுதி மிதமான வெப்பநிலை நிலவுகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்குத் திசைகளிலிருந்து வீசுகிறது. இதைப் பயன்படுத்த, கோபுரம் ஏறத்தாழ 20 மீட்டர் அகலம் மட்டுமே கொண்ட மெல்லிய பலகை போல அமைக்கப்பட்டது. ஒரு பக்கச் சன்னல்கள் வழியே நுழையும் காற்று மாடியின் குறுக்கே சென்று மறுபக்கம் வெளியேறும். குறுகிய அகலத்தால் பகல் வெளிச்சமும் உள்ளே ஆழமாகப் பரவும்.

காற்றோட்டம் தடைபடாமல் இருக்க, அடைக்கப்பட்ட அறைகள் மாடியின் நடுவிலும் ஊழியர்களின் திறந்த இருக்கைகள் சன்னலோரத்திலும் வைக்கப்பட்டன. நடுவறைகளின் மேற்பகுதி கான்கிரீட் கூரையைத் தொடாததால் காற்று அவற்றுக்கு மேலே கடந்து செல்கிறது. கணினியால் இயங்கும் மேல்சன்னல்கள் இரவில் திறந்து, கான்கிரீட்டைக் குளிரச் செய்கின்றன. அந்தக் கான்கிரீட் பகலில் அறையின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கட்டுமானத்துக்கு முன், லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் இக்காற்றோட்டத்தைக் கணினி மாதிரிகள் மூலம் ஆராய்ந்தது.

தென்கிழக்கு முகப்பைத் துளைகளிட்ட எஃகுத் திரை வெயிலிலிருந்து காக்கிறது. வடமேற்கில் நிற்கும் கண்ணாடிப் பட்டைகள் மாலை வெயிலைத் தடுக்கின்றன. கான்கிரீட்டில் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பு உலைக் கசடு சேர்க்கப்பட்டது. சிமெண்ட் உற்பத்தியில் கார்பன் டை ஆக்சைடு பெருமளவில் வெளியேறுவதால், இதுவும் சுற்றுச்சூழல் நோக்கிலான முடிவே. கோபுரத்தின் கீழ்த்தளங்களுக்கு மட்டும் குளிரூட்டும் இயந்திரங்கள் பொருத்தப்பட்டன.

பொதுமக்களுக்கான இடங்கள்

கோபுரத்தை மனையின் ஓரத்துக்குத் தள்ளியதால், தெருமுனையில் அகன்ற திறந்தவெளி கிடைத்தது. அங்கே சிற்றுண்டிச்சாலையும், கட்டடத்தில் குழந்தைகள் காப்பகமும் இடம்பெற்றன. மக்கள் அதிகம் நாடும் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் கோபுரத்தில் அல்லாமல் அருகிலுள்ள தாழ்ந்த கட்டடத்தில் வைக்கப்பட்டது. பதினோராம் மாடியில் மூன்று மாடி உயரத்துக்குச் சுவரைத் திறந்து, நகரைப் பார்க்கும்படி வான்தோட்டம் ஒன்றும் உருவாக்கப்பட்டது.

மின்தூக்கிகள் பெரும்பாலும் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். மற்ற மாடிகளுக்குப் படியேறியோ இறங்கியோ செல்லலாம். நடப்பதும், வழியில் சந்திப்பதும் நல்லது என்பது இதன் கருத்து. நடக்க இயலாதவர்களுக்காக எல்லா மாடிகளிலும் நிற்கும் மின்தூக்கி தனியாக உண்டு.

விமர்சனங்கள்

கட்டடம் பாராட்டைப் பெற்றாலும், உள்ளே வேலை செய்தவர்களிடம் மனக்குறை இருந்தது. கண்கூசும் வெளிச்சத்தைத் தவிர்க்கச் சிலர் மேசையருகே குடை விரித்து அமர்ந்தனர். சிலர் வெப்பம் என்றும் சிலர் குளிர் என்றும் முறையிட்டனர். பொதுச் சேவைகள் நிர்வாகம் தன் கட்டடங்களில் நடத்திய ஊழியர் கருத்தாய்வில் இது மிகத் தாழ்ந்த இடத்தைப் பெற்றது.

திறந்தவெளியும் சிக்கலுக்கு உள்ளானது. சுற்றுப்புறத்தில் போதைப்பொருள் புழக்கமும் குற்றங்களும் பெருகியதால், 2023 ஆகஸ்டில் சுகாதார, மனிதச் சேவைகள் துறை இங்குள்ள தன் ஊழியர்களை இயன்றவரை வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு அறிவுறுத்தியது.

வடிவமைப்பாளர்களுக்கான பாடம்

குளிரூட்டி ஒரே வெப்பநிலையைத் தருகிறது. இயற்கைக் காற்றோட்டமோ நாளுக்கு நாள், இருக்கைக்கு இருக்கை மாறுகிறது. எனவே அங்கு அமர்பவருக்குச் சன்னலையும் திரையையும் தானே மாற்றிக்கொள்ளும் வசதியும், அவற்றைப் பற்றிய விளக்கமும் தேவை. குடியேறிய முதல் ஓராண்டு பருவந்தோறும் குறைகளைக் கேட்டுச் சரிசெய்வதற்கான பணமும் ஆட்களும் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். திறந்தவெளியை அமைப்பதோடு அதை யார் பராமரிப்பது, யார் பயன்படுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மின்கட்டணம் குறைந்தும் மக்கள் தவிர்க்கும் அலுவலகத்தை நிலைத்த வடிவமைப்பு என்று கூற முடியாது.