எல்லைப்புற இளைஞரும் மின்கருவிகளும்

கருவிகளின்மேல் வாலிபர்களுக்கு உள்ள மோகம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. செம்புக் கம்பியைச் சுற்றிச் சுருளாக்கி, பளிங்குத் துண்டு ஒன்றை வைத்து, காதொலிக் கருவியில் தொலைதூரத்துக் குரலைக் கேட்டு வியந்த இளைஞர்கள் நம் பாட்டனார் காலத்திலேயே இருந்தனர். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்த காலமும் நம் நாட்டில் உண்டு. அக்கட்டணம் 1980-களில்தான் நீங்கியது. இன்றைய இளைஞர் கையில் உள்ளது கைபேசி. பையில் உள்ளவை மின்கலப் பேழையும், காதில் செருகும் சிறு ஒலிப்பான்களும், படக் கருவியும். பொருள்கள் மாறினவே அன்றி, அவற்றைத் திறந்து பார்க்கத் துடிக்கும் மனம் மாறவில்லை.

இத்தகைய இளைஞர் ஒருவரின் அன்றாட வாழ்வில் நேரும் சிறு தொல்லைகளை ஆராய்வதற்குக் கேரளத்தின் கிழக்கு எல்லையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. பாலக்காட்டு மாவட்டத்தில் வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், மூணாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி முதலிய ஊர்களும் தமிழும் மலையாளமும் ஒரே நாவில் புழங்கும் ஊர்கள். ஆயினும் நிலத்தின் அமைப்பில் இவ்விரு பகுதிகளும் நேர்மாறானவை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரமே உடையது. இடுக்கியிலோ 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி தலைதூக்கி நிற்கிறது. ஒரே கடையில் வாங்கிய ஒரே வகைக் கருவி, இவ்விரண்டு இடங்களிலும் இரண்டு விதமாக நடந்துகொள்வதற்குக் காரணம் இந்நில வேறுபாடே.

முதலில் கைபேசியை எடுத்துக்கொள்வோம். குமுளியிலோ போடிமெட்டிலோ குடியிருக்கும் இளைஞரின் கைபேசி, அவர் வீட்டுத் திண்ணையில் கேரளத்தில் இருக்கும். கொல்லைப்புறத்தில் தமிழ்நாட்டுக்குப் போய்விடும். கைபேசிக்கு மாநில எல்லை தெரியாது. வலுவாக வந்து சேரும் அலை எந்தக் கோபுரத்தினுடையதோ அதனையே அது நாடும். தன் நிறுவனத்தின் சொந்த வட்டத்துக் கோபுரத்திற்கு முதலிடம் தரவேண்டும் என்பது விதியாயினும், அதன் அலை மெலிந்தவுடன் அண்டை வட்டத்தில் தஞ்சம் புகுகிறது. முன்னாளில் இதற்குத் தனிக் கட்டணம் இருந்தது. வீட்டைவிட்டு நகராமலே வெளிமாநிலப் பயணச் செலவு செய்த குடும்பங்கள் பல. 2016, 2017-ஆம் ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அக்கட்டணத்தைக் கைவிட்ட பின்னர் பணத்தொல்லை தீர்ந்தது. இரு வட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு சிம் அட்டை வைத்திருக்கும் வழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஆயின் மின்கலத் தொல்லை தீர்ந்தபாடில்லை. கோபுரம் தொலைவில் இருந்தால், கைபேசி தன் குரலை உயர்த்திப் பேசவேண்டும். அதாவது மிகுந்த ஆற்றலோடு அலையை அனுப்பவேண்டும். எந்தக் கோபுரமும் கிட்டாத பள்ளத்தாக்கில் அது இடையறாது தேடிக்கொண்டே இருக்கும். ஆகவேதான் சமவெளியில் இரவுவரை தாங்கும் மின்கலம், மலைப்பாதைப் பேருந்தில் நண்பகலுக்குள் வற்றிவிடுகிறது. அலை எட்டாத வழியில் தொடர்பை அணைத்து வைப்பதே இதற்கு எளிய மருந்து. தட்பவெப்பமும் மின்கலத்தைப் பாதிப்பதுண்டு. மூணாற்றில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்வெளியில் உறைபனி படியும் விடியற்காலையில், லித்தியம் மின்கலத்தினுள் வேதிவினை மந்தமாகி, கால்பங்கு மின்னேற்றம் காட்டும் கருவியும் திடீரென அணைந்துவிடும். சட்டையின் உட்பையில் சிறிது நேரம் வைத்திருந்தால் மீண்டும் உயிர்பெறும். பாலக்காட்டில் 40 பாகையைத் தொடும் கோடை வெயிலோ வேறுவிதமானது. குளிர் மின்கலத்தைத் தற்காலிகமாகத் தூங்கவைக்கிறது; வெப்பம் அதன் ஆயுளையே நிலையாகக் குறைக்கிறது.

அடுத்து, வானொலி கேட்கும் பொழுதுபோக்கு. தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்து, கேட்ட நேரத்தையும் அலைவரிசையையும் குறிப்பேட்டில் எழுதி, நிலையத்துக்குத் தெரிவித்து அத்தாட்சி அட்டை பெறும் வழக்கம் உலகெங்கும் இளைஞர்களிடையே பரவியிருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பதற்காகவே கம்பியைத் தென்னைக்குத் தென்னை கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. இன்றும் இப்பொழுதுபோக்கைப் போற்றும் இளைஞருக்கு மலைநாடு நல்லதோர் ஆய்வுக்கூடம். பண்பலை ஏறக்குறைய ஒளியைப்போல் நேர்க்கோட்டில் செல்லும் இயல்புடையது. சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் உச்சியிலிருந்து பார்த்தால், இடையில் தடை ஏதுமில்லாதவிடத்து, அடிவானம் 160 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். எனவேதான் கொடைக்கானல் பண்பலை மதுரைச் சமவெளியிலும் பிற பல மாவட்டங்களிலும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அதற்கு மிக அருகிலுள்ள மூணாற்றுப் பள்ளத்தாக்குகள் சிலவற்றில் அது கேட்பதில்லை. மலையின் நிழல் விழுகிறது. ஒளிக்கு நிழல் உண்டென்றால் வானொலி அலைக்கும் நிழல் உண்டன்றோ? தேவிகுளத்தில் தனியே ஒரு வானொலி நிலையம் அமைந்த தேவை இதனால் விளங்கும்.

மத்திய அலையின் போக்கு வேறு. பகலில் வானவெளியில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஒரு மின்னூட்டப் படலம் அவ்வலைகளை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அப்படலம் கரைந்துபோக, அலைகள் இன்னும் உயரே சென்று மேலடுக்கில் பட்டு வளைந்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்குகின்றன. பகலில் ஊமையாயிருந்த பெட்டி இரவில் பல மொழிகளில் பேசுவதன் இரகசியம் இதுவே. ஆனால் இன்று வீட்டுக்கு வீடு எரியும் மின்னணு விளக்குகளும் மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல், அந்த மெல்லிய குரல்களை மூடிவிடுகிறது. பழைய அலைப்பெட்டிக்குப் புதிய மின்கருவி பகையாயிற்று. இரவில் வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு, மின்கலத்தால் இயங்கும் பெட்டியைக் கேட்டுப் பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். வீட்டார் இதற்கு எத்தனை நாள் இசைவார்கள் என்பது வேறு விஷயம்.

மத்திய அலைப்பெட்டியில் படபடவென்று கேட்கும் ஒலி வேறொரு செய்தியையும் சொல்லும். ஐப்பசி மாதப் பிற்பகல்களில் மலைகளின்மேல் இடிமேகம் திரளும்போது, மின்னல் கண்ணுக்குப் படுமுன்னரே பெட்டி அதனை அறிவித்துவிடுகிறது. மின்னலைக் கண்ட நொடியிலிருந்து இடி கேட்கும் நொடிவரை எண்ணி, மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர்க் கணக்கு கிடைக்கும். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் உள்ளே சென்றுவிடுவதே நலம். கையிலுள்ள கைபேசி மின்னலை ஈர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மின்னேற்றியில் செருகப்பட்ட கைபேசியே அபாயமானது. ஏனெனில் தொலைவில் விழும் மின்னலும் மின்கம்பி வழியாகவும் கம்பித்தட வழியாகவும் வீட்டினுள் நுழையும். கருமேகம் கண்டவுடன் செருகிகளை எல்லாம் பிடுங்கி வைப்பது, விலைமிக்க காப்புக் கருவிகள் பலவற்றினும் உறுதியான காப்பு.

மின்சாரத்தைப் பற்றிய மற்றொரு வேடிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். கேரளத்தின் முதல் புனல்மின் நிலையம் 1940-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய இடம் மூணாற்றுக்கு அருகிலுள்ள பள்ளிவாசல். 1976-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட இடுக்கித் திட்டம் 780 மெகாவாட் திறனுடையது. நாட்டுக்கெல்லாம் ஒளிதரும் இம்மலைகளிலேயே, காற்றில் முறிந்த மரக்கிளை கம்பியின்மேல் விழுந்து இருள் சூழ்வது மழைக்கால வழக்கம். காட்டினூடே நெடுந்தூரம் செல்லும் கம்பியின் கடைக்கோடியில் மின்னழுத்தமும் தாழ்ந்துவிடுகிறது.

ஈரப்பசை இன்னொரு பகைவன். ஆனி, ஆடி மாதங்களில் ஆடையே உலராத ஊரில், படக்கருவியின் கண்ணாடி வில்லைக்குள் பூஞ்சணம் சிலந்தி வலைபோல் படரும். அதற்குப் பின் துடைத்துப் பயனில்லை. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் சிப்பங்களோடு வைத்து, அவ்வப்போது சிப்பங்களைச் சூடேற்றி உலர்த்திக்கொள்வது நெடுநாள் அநுபவத்தில் கண்ட முறை. தோலுறையில் மூடிவைப்பது தவறு. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

இவை யாவும் சிறு தொல்லைகள். மின்கலம் வற்றுகிறது, பெட்டி இரைகிறது, வில்லை மங்குகிறது. முணுமுணுத்துவிட்டு மேலே செல்கிறோம். ஆனால் அதே காரணங்கள் ஓர் இரவில் ஒன்றுகூடினால் என்ன நேரும் என்பதை 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் உணர்த்தியது. மூணாற்றை அடுத்த இராஜமலைப் பகுதியில் பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மேல் இரவு மலை சரிந்தது. நாட்கணக்கில் பெய்த மழையால் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்தன. செய்தி வெளியுலகை அடைந்தது மறுநாள் காலையில்தான். காணாமற்போனவர்களையும் சேர்த்து 70 பேர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தொழிலாளர் குடும்பங்களே அவர்களுள் மிகுதி.

கைபேசி ஏன் அவ்வாறு கைவிடுகிறது? அது தனித்து நிற்கும் கருவி அன்று என்பதே விடை. அது பேசவேண்டுமாயின் அருகில் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரத்தை அடுத்த நிலையத்தோடு இணைக்கும் கம்பியோ நுண்ணலையோ அறாதிருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கோபுரத்தின் மின்கல அடுக்கு சில மணி நேரமே தாங்கும். பின்னர் டீசல் எண்ணெய் வேண்டும். எண்ணெய் கொண்டுசெல்லப் பாதை வேண்டும். பாதையை மழை மறித்துவிடுகிறது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் கையிலுள்ள விலையுயர்ந்த கருவி வெறும் கைவிளக்காகிவிடும்.

வானொலிப் பெட்டியின் நிலை அதுவன்று. நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையம் இயங்கினால் போதும். இரண்டு சிறு மின்கலங்களோடு அது பல நாள் செய்தி சொல்லும். கைபேசியிலுள்ள பண்பலை வசதியை நிறுத்திவிட வேண்டாமென 2023-ஆம் ஆண்டு மத்திய அரசு உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியதன் நோக்கமும் இதுவே. எனினும் பெட்டி கேட்குமே அன்றிப் பேசாது. கோபுரமின்றிப் பேசவும் வல்லது ஒன்று உண்டு. அதுவே அமெச்சூர் வானொலி என்னும் பொழுதுபோக்கு. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றவர், வி.யு.2 அல்லது வி.யு.3 எனத் தொடங்கும் அழைப்புக் குறியோடு, தம் சொந்த நிலையத்திலிருந்து உலகின் எப்பகுதியோடும் பேசலாம். வேண்டுவன ஒரு பெட்டி, ஒரு கம்பி, ஒரு வாகன மின்கலம் ஆகியவை மட்டுமே.

இப்பொழுதுபோக்கின் பயனுக்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் குழுவினரோடு போர்ட் பிளேரில் தங்கி, அந்தமான் தீவுகளிலிருந்து உலகெங்குமுள்ள பொழுதுபோக்கு அன்பர்களோடு உரையாடிக்கொண்டிருந்தார். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கி மற்றத் தொடர்புகள் அற்றபோது, விளையாட்டாக அமைத்த அந்நிலையமே தீவினருக்கும் அவர்தம் உறவினருக்கும் இடையே பாலமாயிற்று. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்ட 2018-ஆம் ஆண்டு வெள்ளத்திலும் கேரளத்து அமெச்சூர் அன்பர்கள் செய்திகளைக் கொண்டுசேர்க்கத் துணைநின்றனர்.

ஆகவே, மகனோ மகளோ கூரைமேல் கம்பி கட்டுவதையும், பழைய பெட்டியைப் பிரித்துப் பரப்பிவைப்பதையும் பெற்றோர் வீண்வேலையென ஒதுக்குதல் தகாது. அதே சமயம், நாளொரு புதுக்கருவி வாங்குவதே கருவியறிவு என இளைஞரும் எண்ணலாகாது. தன் ஊரில் எந்தக் கோபுரத்தின் அலை எங்கே எட்டும், மின்சாரம் நின்றால் அது எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த நிலையம் எந்த மேட்டில் கேட்கும் என்பவற்றை ஓர் இளைஞர் மழைக்காலத்துக்கு முன்பே அறிந்து குறித்துவைத்தால், அந்தக் குறிப்பேடு ஊருக்கே உடைமையாகும். மின்கலத்தால் இயங்கும் ஒரு வானொலிப் பெட்டியும், மின்னேற்றம் நிரம்பிய ஒரு பேழையும், நீர் புகாத உறையில் ஒரு கைவிளக்கும் மலையோரத்து வீடுகள்தோறும் ஆனி பிறக்குமுன் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவற்றைச் சரிபார்த்துவைக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள கருவிப்பித்தரிடமே ஒப்படைக்கலாம். அவர் அதனை மகிழ்ந்து ஏற்பார்.