எக்செல்லில் எடைக் கணக்கு

திருப்பூரில் பனியன் துணிக்கு ஜிஎஸ்எம் பார்க்கிறோம்; எடையைப் பரப்பால் வகுக்கும் கணக்கு. உடலுக்கான பிஎம்ஐ கணக்கும் ஏறக்குறைய அதுவே. எக்செல்லில் ஏ2 செல்லில் கிலோவில் எடையையும், பி2-வில் மீட்டரில் உயரத்தையும் டைப் செய்யுங்கள். சி2-வில் =ஏ2/பி2/பி2 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். (செல் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.)

என் எடை 70, உயரம் 1.70. விடை 24.2 வந்தது. உலக அளவில் 25-க்குக் கீழே நார்மல் என்பதால் நிம்மதியாக இருந்தேன். ஆனால் இந்தியர்களுக்கு எல்லை 23 என்று சென்னை ஆய்வாளர்கள் 2003-ல் காட்டினர். நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. 18.5-ஐயும் 23-ஐயும் உயரத்தால் இருமுறை பெருக்கிப் பார்த்தேன்: 53.5 முதல் 66.5 கிலோ. அதாவது நான் மூன்றரை கிலோ குறைக்க வேண்டும்!

தையல் டேப்பால் வயிற்றுச் சுற்றளவையும் பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.