கொத்துகளின் எடையும் கரும்பொருளும்

கோடானுகோடி விண்மீன்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் மண்டலம்; அத்தகைய மண்டலங்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தம்முள் ஈர்ப்பினால் கட்டுண்டு திரண்டிருக்கும் கூட்டத்தை மண்டலக் கொத்து என்பர். பூமியிலிருந்து ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள கோமா கொத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் உள்ளன.

இக்கொத்தின் எடையைக் கணக்கிட முயன்ற ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்னும் சுவிஸ் வானியலாளர், 1933இல் ஒரு முரண்பாட்டை எதிர்கொண்டார். ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதைக் கொண்டு மண்டலங்களின் வேகத்தை அறியலாம். கோமா மண்டலங்களோ நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒளிரும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டுமே இருந்திருந்தால் கொத்து என்றோ சிதறியிருக்கும். சிதறாததால், ஒளிரும் பொருளைப்போல் 400 மடங்கு பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அவர், அதற்குக் கரும்பொருள் என்று பெயரிட்டார். அண்டவெளித் தொலைவுகளை அக்காலத்தில் மிகக் குறைவாக மதிப்பிட்டிருந்ததால் 400 என்னும் எண் நிலைக்கவில்லை, வாதம் நிலைத்தது.

காணாத எடையில் ஒரு பங்கு பின்னர் அகப்பட்டது. எக்ஸ் கதிர்களை வளிமண்டலம் தடுத்துவிடுவதால் அவற்றை விண்வெளியிலிருந்தே காண இயலும். 1970இல் ஏவப்பட்ட உகூரு செயற்கைக்கோள், கொத்துகள் எக்ஸ் கதிர்களைப் பரவலாக வீசுவதைக் காட்டியது. மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியில், கோடிக்கணக்கான டிகிரி வெப்பநிலையில், மிக மெல்லிய வாயு நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். இவ்வாயு விண்மீன்களைவிடப் பல மடங்கு எடை கொண்டதாயினும், இரண்டையும் கூட்டினாலும் கொத்தின் மொத்த எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கே தேறுகிறது.

மீதியைச் சான்றோடு காட்டியது, சுமார் 380 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள புல்லட் கொத்து. அங்கே இரு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்றிருக்கின்றன. மண்டலங்களுக்கிடையே வெற்றிடம் மிகுதி என்பதால் அவை உரசாமல் கடந்துவிட, வாயுக்கள் மட்டும் முட்டி வேகம் குறைந்து நடுவில் பின்தங்கின. அவற்றுள் ஒன்று துப்பாக்கிக் குண்டின் வடிவில் கூர்ந்து நிற்பதை, வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி படமெடுத்தது. அடுத்து, தொலைவில் உள்ள பின்னணி மண்டலங்களின் ஒளி, கொத்தின் ஈர்ப்பால் வளைந்து உருத்திரிந்து தெரியும் அளவைக் கொண்டு எடை எங்கே குவிந்திருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இவ்விளைவுக்கு ஈர்ப்பு வில்லை என்று பெயர். கண்ணுக்குத் தெரியும் பொருளில் பெரும்பங்கு வாயுவே என்பதால், கரும்பொருள் என ஒன்று இல்லையெனில் எடையும் வாயுவோடு நடுவில் நின்றிருக்க வேண்டும். 2006இல் வெளியான முடிவோ, எடையின் பெரும்பகுதி மண்டலங்களோடு இருபுறமும் விலகிச் சென்றுவிட்டதைக் காட்டியது. கரும்பொருளுக்கு இதைவிட நேரடியான சான்று அதுவரை இருந்ததில்லை என்றே சொல்லலாம்.

ஈர்ப்பு விதியைத் திருத்தினாலே போதும், கரும்பொருள் தேவையில்லை என்போர் இன்றும் உள்ளனர். ஆனால் புல்லட் கொத்தை விளக்கும்போது அவர்களும் பெரும்பாலும் காணாப் பொருள் ஏதேனும் ஒன்றைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. மறுபுறம், நிலத்தடிச் சுரங்கங்களில் அமைத்த கருவிகளில் கரும்பொருளின் துகள் ஒன்றுகூட இன்றுவரை ஐயமின்றிச் சிக்கவில்லை.